வில் தீராத வயலின்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ஹெட்ஃபோன் கையில இருந்தா மாட்டிக்கோங்க. முதல்ல ஒரே ஒரு சுரம்.

[வயலின் குழு, ஒரே சுரம், 22 விநாடிகள்]

கேட்டீங்களா? ஒரு பெரிய ஹால்ல பதினாறு பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்குல்ல? அது என் லேப்டாப். ஒரு விரல்ல கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம். போன வருஷம் ஊர் நண்பன் ஒருத்தன் எடுத்த குறும்படத்துக்கு நான்தான் இசை. கடைசிக் காட்சிக்கு இதே மாதிரி ஒரு நீளமான ஸ்ட்ரிங்ஸ் போட்டிருந்தேன். எனக்கு அதுல ரொம்பப் பெருமை. கோடம்பாக்கத்துல பல வருஷம் வயலின் வாசிச்சுட்டு, இப்போ தருமபுரியில மகள் வீட்டோட இருக்கிற ஒரு பெரியவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால சார்னே சொல்றேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும், "தம்பி, இவங்க வில்லு எத்தனை முழம்?"னு கேட்டார்.

எனக்குப் புரியல. வாசல்ல கிடந்த தென்னங்குச்சியை எடுத்து, இடது முழங்கை மேல வெச்சு இழுத்துக் காட்டினார். வயலின் வில்லோட நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். மெதுவா, அழுத்தாம இழுத்தா ஒரு எட்டு, பத்து விநாடி தாங்கும். அதுக்குள்ள நுனி வந்துடும், கை திரும்பணும். திரும்புற இடத்துல சத்தத்துல சின்னதா ஒரு மூச்சு விழும். நிறைய பேர் இருந்தா, ஆளுக்கொரு நேரத்துல திருப்பச் சொல்லி அதை மறைக்கலாம். மறைச்சாலும் உள்ளுக்குள்ள ஒரு அலை ஓடிக்கிட்டே இருக்கும். உன் பாட்டுல அந்த அலை இல்ல, ஆனா ஆளுங்க இருக்காங்க, அது எப்படின்னு கேட்டார்.

அந்த எட்டு விநாடி எங்க காணாமப் போச்சுன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

கதை 1940-களின் கடைசியில, கலிஃபோர்னியாவுல ஆரம்பிக்குது. ஹாரி சேம்பர்லின்னு ஒருத்தர். ஆர்கன் மாதிரி ஒரு கீபோர்டு, ஆனா ஒவ்வொரு கீக்கும் கீழ ஒரு துண்டு ஒலிநாடா. கீயை அழுத்தினா நாடா ஓடும், அதுல ஏற்கெனவே பதிவாகியிருக்கிற அந்தச் சுரம் கேட்கும். வீட்டுல துணி வைக்கிற அறையையே ஒலிப்பதிவு அறையாக்கி, நிஜ வயலின்காரரை உள்ள நிறுத்தி, சுரம் சுரமா பதிவு செஞ்சார்னு சொல்லுவாங்க. சேம்பர்லினோட சேல்ஸ்மேன் ஒருத்தர் 1962-ல அந்தக் கருவியை இங்கிலாந்துக்குக் கொண்டு போறார், முதலாளிகிட்ட சொல்லாமலே. பர்மிங்காம்ல ஒரு கம்பெனி அதை மேம்படுத்தி 1963-ல வெளியிடுது. அதுதான் மெலட்ரான். பீட்டில்ஸோட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ஆரம்பத்துல வர்ற புல்லாங்குழல், மெலட்ரான்தான். அது 1967.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மெலட்ரான் நாடா ஓடுறது எட்டு விநாடிதான். அப்புறம் நின்னுடும். கையை எடுத்தா ஸ்பிரிங் நாடாவைப் பின்னாடி இழுத்துக்கும். திரும்ப அழுத்தணும். முதல் மெஷினுக்கும் வில்லு மாதிரியே ஒரு முனை இருந்துச்சு.

1979-ல ஆஸ்திரேலியாவுல ஃபேர்லைட் வருது. நாடா போய், ஒலியை எண்ணா மாத்தி வைக்கிற கம்ப்யூட்டர். ஸ்ட்ராவின்ஸ்கியோட 'ஃபயர்பேர்டு' ரெக்கார்டுலேர்ந்து ஒரே ஒரு அடியை வெட்டி எடுத்து அதுல போட்டாங்க. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து 'டாஷ்'னு அடிக்கிற சத்தம். 1982-ல நியூயார்க்ல ஆஃப்ரிக்கா பம்பாட்டா 'பிளானட் ராக்'ல அதைப் போட, உலகம் முழுக்கப் பரவிருச்சு. எண்பது, தொண்ணூறுகள் தமிழ்ப் பாட்டுல ஹீரோ திரும்பிப் பார்க்கும்போது விழுற அந்த அடி, அதுக்கு ஒண்ணு விட்ட தம்பி.

அதே 1982-ல லண்டன்ல, இசைக்கலைஞர் சங்கத்தோட ஒரு கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்யணும்னு தீர்மானம் போடுது. ஒரு பாடகர் டூர்ல வயலின் குழுவுக்குப் பதிலா சிந்தசைசர் வெச்சதுதான் கோபம். நாடு முழுக்க அது எடுபடல. இன்னிக்கு அதை ஜோக்கா சொல்றாங்க. எனக்கு அது ஜோக்கா தெரியல. யாரோட சம்பளம் போகப் போகுதுன்னு அவங்க சரியாத்தான் கணிச்சிருந்தாங்க.

1988-ல ஜப்பான்லேர்ந்து ரெண்டு பெட்டி வருது. ஒண்ணு அக்காய் எஸ்1000 சாம்ப்ளர். வாங்கும்போது அதுல இருந்த நினைவகம் 2 எம்பி. சிடி தரத்துல ஒரு மைக் பதிவுன்னா மொத்தமே 24 விநாடிதான் பிடிக்கும். ஒவ்வொரு சுரத்தையும் எட்டு விநாடி வெச்சா மூணு சுரத்துலயே பெட்டி நிரம்பிடும். அதனால என்ன செய்வாங்க? ஒரு விநாடி, ரெண்டு விநாடி எடுத்து, நடுவுல ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சுத்த விடுவாங்க. லூப். நீங்க கையை எடுக்கிற வரைக்கும் சத்தம் வரும். சார் கேட்ட கேள்விக்குப் பதில் இங்க இருக்கு. வில்லு தீராமப் போனது இந்த இடத்துலதான், அதுவும் நினைவகம் பத்தலங்கிற ஒரே காரணத்துக்காக.

இன்னொரு பெட்டி கோர்க் எம்1. பியானோ, ஃப்ளூட், ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து 4 எம்பி. இப்போ உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோ அளவு. எம்1-உம் அதைப் பார்த்து வந்த விலை குறைஞ்ச கீபோர்டுகளும்தான் எங்க ஊர் மாதிரி இடங்களை மாத்துச்சு. நான் சின்ன வயசுல மாரியம்மன் பண்டிகைக்குப் பார்த்த மெல்லிசைக் குழுவுல வயலின்காரர் கிடையாது. கீபோர்டு அண்ணன் ஒருத்தர் இருந்தார். அவர்தான் வயலின், அவர்தான் ஷெனாய், அவர்தான் மழை பெய்ற சத்தம். பட்டன் மேல பேனாவால 'ஸ்டிரிங்' னு எழுதி செலோடேப் ஒட்டியிருப்பார்.

இப்போ கோடம்பாக்கத்துக்கு வருவோம்.

தருமபுரியிலேர்ந்து சென்னை கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அங்க 1960, 70-கள்ல ஒரு பாட்டுப் பதிவுன்னா பாடகர், வயலின் குழு, தபலா, கிடார் எல்லாரும் ஒரே நேரத்துல வாசிப்பாங்க. யாராவது ஒருத்தர் தப்பு பண்ணினா மறுபடி முதல்லேர்ந்து. மெல்லிசை மன்னர்கள்ல ஒருத்தரான டி.கே.ராமமூர்த்தியே வயலின்காரர். 1976-ல 'அன்னக்கிளி'யோட இளையராஜா வர்றார். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர். எந்த வாத்தியமும் இல்லாம, உட்கார்ந்து நேரடியா நோட்டேஷன் எழுதுவார். அதைப் பகுதி பகுதியா நகல் எடுத்து வயலின்காரங்க முன்னாடி வைப்பாங்க. முதல் தடவை பார்க்கிற தாளை அப்படியே வாசிக்கணும்.

அந்த நாற்காலிகள்ல உட்கார்ந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. கர்நாடக சங்கீதம் படிச்சவங்க, சர்ச்சுல நோட்டேஷன் கத்துக்கிட்டவங்க, ரெண்டும் தெரிஞ்சவங்க. வி.எஸ்.நரசிம்மன் மாதிரி. 1981-ல 'ராஜ பார்வை'யில கமல் வாசிக்கிற வயலினும், 1986-ல வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல வர்ற வயலினும் அவர்தான். 1993-ல மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்னு நாலு பேர் குழுவை ஆரம்பிச்சு, கீர்த்தனைகளை மேற்கத்திய ஒத்திசைவோட வாசிச்சார். அந்த ரெண்டு பழக்கமும் ஒரே கையில இருந்ததால, கோடம்பாக்கம் ஸ்ட்ரிங்ஸ்ல ஒரு தனிச் சத்தம் உண்டு. ஒரு சுரத்துலேர்ந்து அடுத்ததுக்குப் போகும்போது விரல் லேசா வழுக்கும். வியன்னா ஆள் வாசிச்சா அந்த வழுக்கல் வராது. நான் இதைக் குறைன்னு சொல்ற ஆட்களோட சண்டை போட்டிருக்கேன்.

வயலினே நம்மளோடது இல்லையேன்னு சிலர் கேட்பீங்க. ஆமா. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு, இவங்க மூலமா 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கச்சேரிக்குள்ள வந்த வெள்ளைக்கார வாத்தியம் அது. நின்னு வாசிச்சதை நாம சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கால்ல ஊன்றி வாசிக்க ஆரம்பிச்சோம். வெளியிலேர்ந்து வந்த சாமானை எடுத்து நம்ம கைக்குப் பழக்குறது புதுசு இல்ல. ஆனா அப்போ வந்தது வாத்தியம். அதை வாசிக்கிற கை நம்ம கையா இருந்துச்சு.

1989-ல ரஹ்மான் தன் வீட்டோட சேர்த்து பஞ்சதன் ரெக்கார்டு இன் ஸ்டுடியோவைக் கட்டுறார். 1992-ல 'ரோஜா'. எங்க ஊர்க்காரங்களுக்கு அந்தப் படம் வேற மாதிரி முக்கியம். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டுல நீங்க பார்க்கிற அருவிகள்ல எங்க ஒகேனக்கல்லும் உண்டு. எங்க வீட்டுல அந்தப் பாட்டு டிவியில வந்தா, பாட்டை யாரும் கேட்க மாட்டாங்க. "இது எந்தப் பாறை?"ன்னு பேச்சு நடக்கும். நான் வளர்ந்த பிறகுதான் அதை ஒழுங்கா கேட்டேன். அது நாற்பது நாற்காலி போட்ட ஹாலுக்குள்ள யோசிக்கப்பட்ட இசை இல்ல. கீபோர்டு, சாம்ப்ளர், சீக்வென்சர் நடுவுல இருக்க, ஒவ்வொரு கலைஞரா தனித்தனியா வந்து வாசிச்சுட்டுப் போற வேலைமுறை அது. ரஹ்மான் நிஜ வயலின் குழுவை விட்டுடல. பிற்பாடு அவர் படங்கள்ல சென்னை ஸ்ட்ரிங்ஸ் ஆர்கெஸ்ட்ரான்னு பேர் வந்துக்கிட்டே இருந்துச்சு. அவர் 2008-ல ஆரம்பிச்ச கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி, வசதியில்லாத பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லித்தர்ற சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, ரெண்டும் அந்தப் பக்கத்துக் கணக்கு. ஆனா அவரைப் பார்த்து வந்த ஆயிரம் பேர் ஸ்டுடியோவை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நானும் அதுல ஒருத்தன்.

சார் இதைப் பத்தி அதிகம் பேசல. "முன்னாடி வாரத்துல ஆறு நாள் கூப்பிடுவாங்க. அப்புறம் மூணு. அப்புறம் போன் வந்தா பக்கத்து வீட்டுக்குன்னு நினைச்சுக்குவோம்" னார். அவ்வளவுதான். கோடம்பாக்கத்துல எம்.பி.ஸ்ரீநிவாசன் மாதிரி ஆட்கள் முன்னின்னு உருவாக்கின கலைஞர் சங்கம் கால்ஷீட்டுக்குக் கூலி பேசும். வராத கால்ஷீட்டுக்கு யார்கிட்ட பேசுறது?

அதுக்கப்புறம் டெக்னாலஜி வேகமா ஓடிருச்சு. 1998-ல கிகாசாம்ப்ளர்னு ஒரு மென்பொருள் வருது. ஒவ்வொரு சுரத்தோட ஆரம்பத்தை மட்டும் ராம்ல வெச்சுக்கும். நீங்க கீயைத் தொட்டதும் அந்த ஆரம்பம் கேட்கும், அதுக்குள்ள மீதியை ஹார்டு டிஸ்க்லேர்ந்து இழுத்துக்கும். நினைவகம் பத்தலங்கிற பிரச்சினை ஒரே நாள்ல முடிஞ்சது. இனி சுரத்தை வெட்டத் தேவையில்ல. எவ்வளவு நீளமா வேணும்னாலும் பதியலாம்.

உடனே ஆஸ்திரியாவுல ஒருத்தர் கிளம்பினார். ஹெர்ப் டுச்மண்டல், முன்னாள் செல்லோ கலைஞர். 2000-ல வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி கம்பெனி. பதிவுக்குன்னே தனியா ஒரு அரங்கம் கட்டினாங்க. அங்க கலைஞர்கள் பாட்டு வாசிக்கல. 'ஸ' வாசிப்பாங்க, நிறுத்துவாங்க. அதையே மெதுவா, சத்தமா, குட்டையா, விரலால சுண்டி. அப்புறம் ஒரு சுரத்துலேர்ந்து இன்னொரு சுரத்துக்குப் போற அந்த நகர்வை மட்டும் தனியா. கணக்கு போட்டுப் பாருங்க: வயலின்ல ஒரு நாற்பது சுரம். ஒவ்வொண்ணுலேர்ந்தும் மேல பன்னிரண்டு, கீழ பன்னிரண்டு. கிட்டத்தட்ட ஆயிரம் நகர்வு. இது ஒரே சத்த அளவுக்கு, ஒரே பாணிக்கு. ஒரு மனுஷன் நாள் முழுக்க இதை வாசிச்சுட்டு வீட்டுக்குப் போய் என்ன பேசுவான்னு தெரியல.

அப்புறம் ஈஸ்ட்வெஸ்ட், லண்டன்ல ஸ்பிட்ஃபயர்னு வரிசையா. ஸ்பிட்ஃபயர் 2019-ல பிபிசி சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவையே லைப்ரரியா கொண்டு வந்துச்சு. பெரிய பதிப்பு 600 ஜிபி அளவு. சின்னப் பதிப்பு சில நூறு எம்பிதான், இலவசமாவே கிடைச்சுது. நான் ஆரம்பிச்சது அதுலதான். எங்க ஊர்ல நெட் மெதுவா இருந்ததால ராத்திரி டவுன்லோடு போட்டுட்டுத் தூங்கினேன். காலையில எழுந்து ஒரு கீயை அழுத்தினேன். லண்டன்ல மைடா வேல் அரங்கத்துல உட்கார்ந்து யாரோ வாசிச்சது பென்னாகரத்துல கேட்டுச்சு. எங்க அம்மா அடுப்படியிலேர்ந்து வந்து, "இது யார்டா?"ன்னு கேட்டாங்க. அந்தக் காலையை நான் யாருக்காகவும் விட்டுக் கொடுக்க மாட்டேன். நாற்பது வயலினுக்கு எழுதிப் பார்க்கணும்னு ஆசைப்பட்ட பென்னாகரத்துப் பையனுக்கு, 1975-ல என்ன வழி இருந்துச்சு? ஊரை விட்டுப் போய் கோடம்பாக்கத்து வாசல்கள்ல நிக்கிறது மட்டும்தான்.

ஆனா லைப்ரரி சும்மா இருக்கிறதில்ல, நம்மளையும் வளைக்குது. அதுக்கு எது நல்லா வருமோ அதையே நாம எழுத ஆரம்பிக்கிறோம். குட்டைச் சுரம் அதுக்கு அருமையா வரும். ஒரே சுரத்தை நாலு தடவை பதிஞ்சு மாத்தி மாத்தி ஒலிக்க விடுவாங்க, அதனால மெஷின்னு தெரியாது. இப்போ வர்ற மாஸ் படங்களோட பின்னணியில செல்லோ 'டக டக டக டக'ன்னு ஓடிக்கிட்டே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். நீண்ட மெட்டு எழுதினா தாமதிக்கும். நகர்வை ஒலிக்க விட்டுத்தான் அடுத்த சுரத்துக்கே போகும், சிலதுல கால் நொடி ஆகும். கமகம் கேட்டா கையை விரிச்சுடும். பிட்ச் வீலைத் திருப்பினா பதினாறு பேரும் ஒரே கயித்துல கட்டின மாதிரி ஒண்ணா வளைவாங்க. தோடி ராகத்தோட காந்தாரத்தை அதுல போட்டுப் பாருங்க, பேட்டரி இறங்கின டேப் ரெக்கார்டர் மாதிரி கேட்கும். அதனால என்ன ஆகுதுன்னா, கமகம் இல்லாத மெட்டையே யோசிக்கப் பழகிடுறோம். என்னோட பழைய ட்யூன்களைத் திரும்பக் கேட்டப்போதான் இது எனக்கே உறைச்சுது.

நிஜ ஸ்ட்ரிங்ஸ் வேணும்னு பட்ஜெட் இருக்கிறவங்க இப்போ எங்க போறாங்க? புடாபெஸ்ட், வடக்கு மாசிடோனியாவோட ஸ்கோப்யே. நெட்ல பார்த்துக்கிட்டே இங்கிருந்து பதிவு செய்யலாம். இளையராஜாவே 2005-ல வந்த 'திருவாசகம்' சிம்ஃபொனிக்கு புடாபெஸ்ட் போனார், 2025 மார்ச் 8-ஆம் தேதி தன்னோட சிம்ஃபொனியை லண்டன்ல அரங்கேற்றினார். அதுக்கு அவ்வளவு பெரிய குழு வேணும். ஆனா சின்னப் படங்களும் அங்கேயே போகுது. அந்தக் கோடம்பாக்கத்து வழுக்கல் இப்போ வியன்னா லைப்ரரியிலயும் இல்ல, புடாபெஸ்ட்லயும் இல்ல.

நான் சார்கிட்ட கேட்டேன். "உங்க வாசிப்பை நான் சுரம் சுரமா பதிஞ்சுக்கட்டுமா? ஒரு சின்ன லைப்ரரி. ஒரே வயலின், கமகத்தோட." எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையா பட்டுச்சு. அவர் உடனே ஒத்துக்கல. "நான் வாசிச்சுக் கொடுத்துட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவே?"ன்னார்.

எனக்குப் பதில் இல்ல. ஸ்பிட்ஃபயர் மாதிரி சில கம்பெனிகள் வாசிச்சவங்களுக்கு ராயல்டி கொடுக்கிறதா சொல்றாங்க. நானும் விற்கிறதுல பாதிப் பங்குன்னேன். அவர் சிரிச்சார். பங்குன்னு சொல்றவங்களை நிறைய பார்த்துட்டேன், ஒரு கால்ஷீட் கூலியைக் கையில கொடு, மீதியை உன் மனசாட்சி பார்த்துக்கட்டும்னார். நான் ரெண்டையும் எழுதிக் கொடுத்தேன். கூலி அன்னிக்கே, பங்கு ஒவ்வொரு ஆறு மாசமும், யார் யார் பாட்டுல பயன்படுத்தினாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கணக்கோட. அவர் பேத்தி அந்தப் பேப்பரை ரெண்டு தடவை படிச்சு, ஒரு வரியை அடிச்சு மாத்தினா. 'நிரந்தரமாக' ங்கிற வார்த்தையை எடுத்துட்டு 'பத்து வருடம்' னு போட்டா. கையெழுத்து போட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை முதல் பதிவு. ஜன்னலுக்கு மெத்தையை வெச்சு அடைச்சோம். தூரத்துல சேலம்-பெங்களூரு ஹைவே, லாரி ஹாரன் உள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு. காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் பதினொரு சுரம்தான் தேறுச்சு. ஒவ்வொண்ணையும் அவர் வில்லோட அடியிலேர்ந்து நுனி வரைக்கும் இழுத்தார், நுனியில திருப்பினார், மறுபடி அடி வரைக்கும் வந்தார். லூப் போட மாட்டேன்னு சொல்லியிருந்தேன். அதனால இந்த வாத்தியத்துல நீங்க கீயை எவ்வளவு நேரம் அழுத்தினாலும், ரெண்டு வில்லுக்கு அப்புறம் சத்தம் நின்னுடும். பன்னிரண்டாவது சுரத்துல மகள் சாப்பிடக் கூப்பிட்டாங்க. அந்தக் குரலும் பதிவாயிடுச்சு. அதை இப்போ போடுறேன்.

[வயலின், ஒரு சுரம், 17 விநாடிகள். பின்னால் ஒரு பெண் குரல்: "அப்பா, சோறு ஆறுது."]